படிவயலும் பங்களாப் புல்வெளியும்: வட்டவடையின் மண்ணை ஆவணமாக வாசித்தல்

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலையையும் ஆவணமாகக் கொள்ளும் நாம், நிலத்தின் வடிவத்தை ஆவணமாகக் கொள்வது அரிது. மனிதர் வெட்டியும் குவித்தும் உண்டாக்கிய மேடு, பள்ளம், வரப்பு, கரை, கைவிடப்பட்ட பாதை ஆகியவற்றை ஒருசேரக் குறிக்க 'மண்ணமைப்பு' என்னும் சொல்லை இங்கு ஆள்கிறேன். இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் வட்டவடையின் படிவயல்கள் அத்தகைய மண்ணமைப்புகள். அவற்றை வரலாற்று மாணவர் எவ்வாறு வாசிக்கலாம் என்பதும், அவ்வாசிப்பு இன்று ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

மண்ணமைப்பைக் கவனிக்கும் பழக்கம் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மேடு, திடல், நத்தம் என்று முடியும் இடப்பெயர்களே அதற்குச் சான்று. கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த இடத்தை மக்கள் 'மாளிகைமேடு' என்றே வழங்கி வந்தனர். 1980இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு அகழாய்வைத் தொடங்கியபோது, அப்பெயர் சொன்ன செய்தி செங்கற்சுவர்களாக வெளிப்பட்டது. கீழடியில் அகழாய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்தின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். அது தென்னந்தோப்பாக இருந்தமையால் அதன்மீது வீடுகள் எழவில்லை. அடியில் இருந்தது பெரிதும் கலையாமல் கிடைத்தது.

கீழடித் தென்னந்தோப்பு நமக்கு ஒரு பொதுவிதியைக் காட்டுகிறது. ஒரு மண்ணமைப்பு பழமையானது என்பதால் மட்டும் எஞ்சுவதில்லை. அதன்மேல் பின்னர் வந்த நிலப்பயன்பாடு அதைத் தொடாமல் விட்டதால் எஞ்சுகிறது. ஆகவே ஒரு வட்டாரத்தில் எவை எஞ்சின, எவை அழிந்தன என்னும் கேள்விக்கு விடை தேடுவோர், அந்நிலம் யார் கையில், எந்தப் பயனுக்காக இருந்தது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிலங்களை ஒப்பிடலாம்: இங்கிலாந்தின் மாளிகைப் பூங்கா, மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டம், அதன் கிழக்கே உள்ள வட்டவடை.

1. உழவை ஒழித்த பூங்கா, உழவைக் காத்த பூங்கா

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பெருநிலக்கிழார்கள் தம் மாளிகைகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகளை அமைத்தனர். ஏரியும் மரத்திரளும் மேய்ச்சல் நிலமும் இயற்கையாகவே அமைந்தவை போலத் தோன்ற வேண்டும் என்பது அக்காலச் சுவை. 'கேபபிலிட்டி' பிரவுன் என்று பெயர்பெற்ற லான்ஸ்லாட் பிரவுன் இக்கலையின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர். இயற்கை போன்ற அத்தோற்றத்துக்காகச் சில இடங்களில் ஊர்களே அகற்றப்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டு அருகே நியூனம் கோர்ட்னி என்னும் சிற்றூர் 1760களில் ஹார்கோர்ட் பிரபுவின் பூங்காவுக்காக வேறிடம் மாற்றப்பட்டது. டார்செட் பகுதியில் மில்டன் ஆபஸ் என்னும் பழைய சந்தையூரை ஜோசப் டேமர் என்னும் பிரபு படிப்படியாக இடித்து, அவ்வூராருக்குக் கண்மறைவில் 1780ஐ ஒட்டிப் புதிய தெரு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

அவ்வாறு அழிக்கப்பட்ட ஊர்களின் தெருப்பள்ளங்களும் வீட்டு மேடைகளும் இன்றும் புல்லுக்கடியில் அலையலையாகத் தெரிகின்றன. இடைக்கால உழவர்களின் ஏர் ஏற்படுத்திய மேட்டு வரிகளும் அவ்வாறே பல பூங்காக்களில் எஞ்சியுள்ளன. எருதுகள் பூட்டிய நீண்ட ஏரைத் திருப்ப வேண்டியிருந்ததால் அவ்வரிகள் பெரும்பாலும் மெல்ல வளைந்து செல்லும். ஒரு வளைவிலிருந்து ஏரின் நீளத்தையும் உழவின் கூட்டுத்தன்மையையும் ஆய்வாளர் கணிக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் இங்கிலாந்தின் பிற வயல்களை ஆழமாக உழும் இயந்திரக் கலப்பைகள் சமமாக்கிவிட்டன. ஆடுமாடுகள் மேயும் பூங்காக்களில் அவ்வரிகள் தப்பின. உழவரை வெளியேற்றிய பூங்காவே அவர்களுடைய உழவுத் தடத்தைப் பாதுகாத்தது.

இவற்றைப் பார்க்கும் கண்ணை வளர்த்தவர்களுள் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் முதன்மையானவர். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது முழங்கால் உயர மேடும் நீண்ட நிழல் வீசும். வானிலிருந்து எடுக்கும் ஒளிப்படத்தில் அந்நிழல்கள் ஒரு வரைபடமாகத் தெரியும். 1920களில் அவர் செய்த வான்வழி ஆய்வுகள் இம்முறையை நிலைநிறுத்தின. 1955இல் வெளிவந்த டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸின் நூல் ஆங்கில நிலத்தோற்றத்தையே ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்கக் கற்பித்தது. யார்க்ஷயரில் கைவிடப்பட்ட வாரம் பெர்சி என்னும் ஊரில் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடத்திய அகழாய்வு, பெயரற்ற உழவர் குடும்பங்களின் வரலாற்றை எழுத மண்ணமைப்பு போதுமான தொடக்கம் என்று காட்டியது.

2. கண்ணன் தேவன் மலை: மேல்வந்த பரப்பு

உயர்மலைப் பகுதியில் ஆங்கிலப் பூங்காவின் மரபு தோட்டத்துரைகளின் பங்களாக்கள் வழியே வந்து சேர்ந்தது. சரிவை வெட்டிச் சமமாக்கிய மேடை, அதன்மேல் பங்களா, முன்னே புல்வெளி, எதிரே தேயிலை மூடிய மலைகள் விரியும் காட்சி என்பது அதன் அமைப்பு. மூணாறின் ஹைரேஞ்ச் கிளப்பும் அதன் கோல்ஃப் புல்வெளியும் இம்மரபின் முழுமையான வடிவம்.

இந்நிலம் தோட்டமானதற்கு அடிப்படையான ஆவணம் 1877ஆம் ஆண்டு ஜூலை 11 தேதியிட்டது. பாண்டியர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் பூஞ்சாறு அரசமரபின் தலைவர் கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு இம்மலைகளை எழுதிக்கொடுத்தார். ரூ.5,000 முன்பணம், ஆண்டுக்கு ரூ.3,000 குத்தகை. திருவிதாங்கூர் அரசு 1878இல் இதனை ஏற்றது. 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண் சங்கமும், 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனியும் அமைந்தன. சின்கோனா, காப்பி, சிசல் எனப் பல பயிர்களைச் சோதித்த பின் தேயிலை நிலைபெற்றது.

அந்த ஆவணத்தில் இம்மலையின் பெயர் 'கண்ணன் தேவன் அஞ்சநாடு மலை'. கண்ணன் தேவன் என்பவர் அஞ்சுநாட்டு ஊர்த்தலைவர் என்பது வழக்கு. அஞ்சுநாடு என்பது மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து தமிழ்க் குடியிருப்புகளைக் குறிக்கும் பெயர். தோட்டத்தை உருவாக்கிய பத்திரமே, அங்கு முன்பே ஊரும் தலைவரும் இருந்ததைத் தன் பெயரில் ஏந்திக்கொண்டிருக்கிறது. ஆனால் தோட்ட வரலாறுகள் பெரும்பாலும் ஆளரவமற்ற காட்டில் துணிவுமிக்க துரைகள் நுழைந்த கதையாகவே எழுதப்பட்டன.

தேயிலை நிலத்தின்மேல் ஒரு முழுமையான புதுப்பரப்பை விரித்தது. சோலைக்காடு வெட்டப்பட்டது, சரிவெங்கும் வடிகால்கள் தோண்டப்பட்டன, சீரான ஏற்றத்தில் தோட்டச் சாலைகள் அறுக்கப்பட்டன, பல பத்தாண்டுகள் நிற்கும் செடிகள் இடைவெளியின்றி நடப்பட்டன. முந்தைய பாதை, மேய்ச்சல் வழி, புனம் ஆகியவற்றின் தடங்கள் இப்பணிகளுக்கு இடையே நிற்பது கடினம். பள்ளத்தாக்கின் அடித்தளமோ வேறு வகையில் மறைந்தது. பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தையொட்டி 1940களிலும் 1950களிலும் எழுந்த குண்டளை, மாட்டுப்பட்டி அணைகள் அதை நீரில் ஆழ்த்தின.

இவ்வட்டாரத்தில் தப்பிய பழைய சின்னங்கள் எங்குள்ளன என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறையூரின் கற்றிட்டைகள், அதாவது மக்கள் 'முனியறை' என்று சொல்லும் பெருங்கற்காலச் சின்னங்கள், பெரும்பாலும் வெறும்பாறைப் பரப்புகளில் நிற்கின்றன. தேயிலையும் நெல்லும் வேண்டாத இடம் அது. கிழக்கே தொடரும் பழனி மலையின் கற்றிட்டைகளை இயேசு சபைப் பாதிரியார்களான ஆங்கிலாடும் நியூட்டனும் ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. மண்ணில் நின்ற சின்னங்கள் எத்தனை மறைந்தன என்பதைப் பாறையில் நிற்கும் சின்னங்களின் எண்ணிக்கை சொல்லாது. எஞ்சியவற்றின் பரவலை அக்கால மக்களின் பரவல் என்று வரைபடமிடுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

3. குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் தடம்

தோட்டம் தானே உருவாக்கிய மண்ணமைப்புகளும் இன்று தொல்லியல் ஆகிவிட்டன. தேயிலையைச் சமவெளிக்கு இறக்க 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது, மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாறி, நீராவி எஞ்சின்கள் ஓடின. டாப் ஸ்டேஷனில் பெட்டிகள் கம்பிவடத்தில் ஏற்றப்பட்டு, மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூர் சென்றன. மறையூர்ப் பக்கத்துக் கொட்டகுடியும் இதுவும் வேறு வேறு.

1924 ஜூலையில் பெய்த பெருமழை இந்த ரயில்பாதையைத் துடைத்தெறிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளம் அதனை '99 வெள்ளம்' என்று நினைவுகூர்கிறது. பாதை மீண்டும் கட்டப்படவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் பின்னர்த் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

வட்டவடைக்கு இன்று செல்வோர் மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என அந்த ரயிலின் வழித்திசையிலேயே ஏறி, பின் பாம்பாடும் சோலையைக் கடக்கின்றனர். ரயில்பாதை என்பது மண்ணமைப்பை வாசிக்கப் பழகுவதற்கு ஏற்ற முதற்பாடம். எஞ்சின் செங்குத்தாக ஏற முடியாது. ஆகையால் அதன் தடம் மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து சுற்றிச் சீரான ஏற்றத்தில் போகும். மாட்டுப்பாதை சரிவை நேரே குறுக்காக வெட்டும். இருவகைத் தடங்களும் சந்திக்கும் இடத்தில் எது எதை அறுக்கிறது என்று பார்த்தால் முன்பின் தெரியும். ரயிலுக்கு ஆண்டு தெரிந்திருப்பதால், அது அறுத்துச் சென்ற எந்த வரப்பும் அதற்கு முந்தையது என்று உறுதியாகக் கூறலாம். 1908, 1924 என்னும் இரு ஆண்டுகள் இப்பள்ளத்தாக்கின் மண்ணில் அடித்த முளைக்குச்சிகள் போன்றவை.

4. வட்டவடை: நிற்காத உழவு

பாம்பாடும் சோலையைத் தாண்டியதும் தேயிலை முடிந்துவிடுகிறது. நெருக்கமாகக் குவிந்த வீடுகள், அவற்றைச் சூழ்ந்து சரிவெங்கும் இறங்கும் படிவயல்கள். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவை இன்றைய பயிர்கள். காந்தல்லூர் வட்டவடைப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. முன்பு நெல்லும் கேழ்வரகும் கோதுமையும் இங்கு விளைந்தன. இந்நிலம் கண்ணன் தேவன் மலை வருவாய்க் கிராமத்துக்கு வெளியே, தனிக் கிராமமாக இருப்பது. 1971ஆம் ஆண்டின் நிலமீட்புச் சட்டம் கண்ணன் தேவன் மலைக் கிராமத்தைப் பற்றியது. தோட்டத்தின் பரப்பு ஒருபுறமும் உழவரின் பரப்பு மறுபுறமுமாக, ஓர் எல்லைக்கோட்டின் இருபக்கங்களையும் இங்கு ஒப்பிட முடிகிறது.

படிவயல் எவ்வாறு உருவாகிறது? சரிவின் மேற்பகுதியில் வெட்டிய மண் கீழ்ப்பகுதியில் நிரப்பப்படுகிறது. முன்விளிம்பில் கல்லடுக்கோ மண்வரப்போ அதைத் தாங்குகிறது. நிலத்தைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த கற்களே அடுக்குக்குப் பயன்படும். ஆண்டுதோறும் மேலிருந்து வழியும் மண் அடுக்கின் பின்னே சேரும், அடுக்கு உயர்த்தப்படும். ஆகவே ஒரு படியின் குறுக்குவெட்டு ஒரு புத்தகத்தின் அடுக்கிய தாள்களை ஒத்தது. அடியில் பழைய மேற்பரப்பு. அதன்மேல் முதல் நிரப்பு. அதன்மேல் ஒவ்வொரு தலைமுறையும் உயர்த்திய அடுக்கு.

படியின் வடிவம் பயிரையும் சொல்லும். நெல்லுக்கு நீர் நிற்க வேண்டும். படி மட்டமாக, வரப்பு முழுமையாக, மடை திட்டமாக இருக்கும். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நீர் தேங்கலாகாது. வரப்பு அறுக்கப்படும், படி வெளிநோக்கிச் சாயும். காய்கறிச் சந்தை நெல்லை வெளியேற்றிய மாற்றத்தை விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் எழுத வேண்டியதில்லை. மூடப்பட்ட மடைகளிலும் அறுக்கப்பட்ட வரப்புகளிலும் அது பதிந்திருக்கும்.

இம்மக்களின் வாய்மொழி மரபு, தம் முன்னோர் மதுரை வட்டாரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்கிறது. சமவெளியின் அரசியல் குழப்பங்களே காரணமாகச் சொல்லப்படுகின்றன. முதுவர்களும் தம் தோற்றத்தை மதுரையோடே இணைக்கின்றனர். சமவெளியில் ஏரிக்கரை கட்டியவர்களுக்கும் மதகு வைத்தவர்களுக்கும் கல்வெட்டு உண்டு. இந்தப் படிகளைக் கட்டியவர்களுக்கு அவர்கள் அடுக்கிய கற்களே சாசனம்.

இங்கிலாந்தின் வரிகள் உழவு நின்றதால் எஞ்சின. வட்டவடையின் படிகள் உழவு நிற்காததால் எஞ்சியுள்ளன. கல்லடுக்கு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஏதேனும் ஓரிடத்தில் சரியும். உழவர் அதை மீண்டும் அடுக்குவார். நான்கைந்து மழைக்காலங்கள் கவனிப்பாரற்றுப் போனால் நீர் ஒரு வாயைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு படி சரிந்தால் கீழ்ப்படிகளும் சரியும். எனவே இங்கு 'கைவிட்டுப் பாதுகாத்தல்' என்னும் ஆங்கில அனுபவம் பொருந்தாது. உழவர் போனால் தொல்லியலும் போகும்.

5. காலத்தைக் கணிப்பதில் எச்சரிக்கை

படிவயலைக் கண்டவுடன் 'ஆயிரமாண்டுப் பழமை' என்று எழுதும் ஆசை நம்மிடம் உண்டு. பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் படிவயல்கள் இதில் நமக்குப் பாடம். ராய் பார்ட்டன், ஓட்லி பேயர் ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை கூறினர். பாடநூல்களும் அதையே சொல்லி வந்தன. பின்னர் ஸ்டீஃபன் அகபாடோ, படிகளின் அடிமண்ணிலிருந்து பெற்ற கரிமக் காலக்கணிப்புகளைக் கொண்டு, அங்கு நெற்படிகள் பெருமளவில் பரவியது ஸ்பானியர் வருகைக்குப் பின்னரே என்று வாதிட்டார். ஸ்பானியர் பிடியிலிருந்து மலைக்கு ஒதுங்கிய மக்கள் குறுகிய காலத்தில் ஒரு மலைத்தொடரையே படிகளாக்கினர் என்பது அவர் முடிவு.

இதனால் இஃபுகாவ் மக்களின் சிறப்பு குறைந்ததா? கூடியது என்பதே என் கருத்து. அசையாத பழங்குடி என்னும் படிமம் நீங்கி, ஆதிக்கத்துக்கு விடையாக நிலத்தையே மாற்றியமைத்த சமூகம் கண்முன் வந்தது. இடம்பெயர்வை நினைவில் வைத்திருக்கும் வட்டவடைக்கு இவ்வொப்பீடு நெருக்கமானது. படிகள் 300 ஆண்டுப் பழமை உடையன என்று நிறுவப்பட்டாலும், அது 1877ஆம் ஆண்டுப் பத்திரத்துக்கு முந்தைய வரலாறே. பழமையைப் பெருக்கிக் காட்ட வேண்டிய தேவை நமக்கில்லை.

கணிக்கும் முறைகளும் கைவசம் உள்ளன. அடுக்கின் அடியில் கிடைக்கும் கரித்துண்டைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பலாம். மண்ணின் மணற்துகள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை ஒளிக்கிளர்வுக் கணிப்பால் அறியலாம். உலகின் பல படிவயல்களில் இம்முறை கையாளப்பட்டுள்ளது. பயிர்களின் தண்டும் இலையும் மட்கிய பின்னும் மண்ணில் தங்கும் நுண்ணிய சிலிக்கா எச்சங்கள் நெல்லையும் சிறுதானியங்களையும் பிரித்துக் காட்டும். வட்டவடையில் நெல் எப்போது வந்தது, எப்போது போனது என்னும் கேள்விக்கு இவ்வழியில் விடை தேட முடியும்.

6. மண் யாருக்குச் சாட்சி சொல்லும்?

இவ்வாய்வு வெறும் புலமை ஆர்வத்துக்கானதன்று. 2006இல் கொட்டக்கொம்பூர், வட்டவடை கிராமங்களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் நிலம் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காப்பது நோக்கம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலய எல்லைக்குள் வரும் தனியார் உரிமைகள் விசாரித்துத் தீர்க்கப்பட வேண்டும். எந்தப் பட்டா உண்மையானது, எது பிற்காலத்தில் உண்டாக்கப்பட்டது என்னும் தகராறு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதில் பேசப்படும் சான்றுகள் ஏறத்தாழ எல்லாமே தாள்கள்.

மண்ணமைப்பு எவருடைய தனியுரிமைப் பத்திரமும் ஆகாது. ஆயினும் ஒரு சரிவு பல தலைமுறை உழவில் இருந்ததா, அண்மைக்காலம் வரை புல்வெளியாகவே இருந்து பின் மரம் நடப்பட்டதா என்பதை அது பெரிதும் தெளிவாகச் சொல்லும். படியும் அடுக்கும் வாய்க்காலும் உள்ள நிலத்தில் தலைமுறைகளாக உழுத குடும்பத்துக்கு அது துணைநிற்கும். படியின் சுவடே இல்லாத சரிவில் யூக்காலி வளர்த்துவிட்டுப் பழைய உழவுரிமை கோருவோரின் வாதத்தை அது வலுவிழக்கச் செய்யும். சான்று இருபுறமும் வெட்டும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டுதான் இவ்வாய்வில் இறங்க வேண்டும்.

இங்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. படிவயல் கண்ணுக்குத் தெரியும். முதுவர்களின் மாற்றுப்புன வேளாண்மை அவ்வாறு தெரியாது. ஓராண்டோ ஈராண்டோ கேழ்வரகு விதைத்துவிட்டு நிலத்தை மீண்டும் காட்டுக்கு விட்டவர்கள் மேடும் பள்ளமும் விட்டுச் செல்லவில்லை. படியில்லாத நிலத்தை ஆளில்லாத நிலம் என்று படித்தால், தோட்ட வரலாற்றாசிரியர்கள் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம். மண்ணில் புதைந்த கரிப்படலமும் குடிகளின் நினைவும் அங்குச் சான்றாக வேண்டும்.

காலமோ குறைவு. காகித ஆலைத் தேவைக்காக நடப்பட்ட கிராண்டிஸ் என்னும் யூக்காலி வகை பல படிவயல்களை மூடியது. அதன் வேர்கள் அடுக்குகளைப் பிளக்கின்றன. ஊற்றுகள் வற்றியதற்கு அதுவே காரணம் என்று உழவர் கூறுகின்றனர். இன்னொருபுறம் ஜேசிபி இயந்திரம் ஒரே பகலில் பத்துப் படிகளை ஒரு தங்கும்விடுதியின் முற்றமாக்கிவிடுகிறது. வட்டவடையின் நீர் பாம்பாறு வழியே அமராவதிக்கும் காவிரிக்கும் செல்வது. சரிவில் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் படிகள் குலைந்தால் அதன் விளைவு மலையோடு நிற்காது.

7. சட்டத்தின் கண்ணில் படாத சின்னம்

1958ஆம் ஆண்டின் பழமைச் சின்னங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கட்டடம், புதைமேடு, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு முதலியவற்றைக் கருதி எழுதப்பட்டது. கேரளத்துக்கென 1968இல் வந்த சட்டமும் அம்மரபினதே. மறையூர் முனியறைக்கு இச்சட்டங்களில் இடமுண்டு. தினமும் உழப்படும் வயலுக்கு இல்லை. இடம் கொடுத்தாலும் பயனில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கடப்பாரை வைக்கத் தடை வரும், கடப்பாரை வைக்காமல் படிவயல் நிற்காது.

உலகச் சிந்தனை இதில் சற்று முன்னேறியிருக்கிறது. யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு 1992இல் 'பண்பாட்டு நிலத்தோற்றம்' என்னும் வகையை ஏற்றது; 1995இல் பிலிப்பைன்ஸ் நெற்படிகள் அவ்வகையில் பட்டியலில் சேர்ந்தன. 2001இல் அவை அபாயப் பட்டியலுக்குச் சென்று, பராமரிப்பு மேம்பட்ட பின் 2012இல் மீண்டன. உழவு தொடர்வதே பாதுகாப்பு என்பதை அங்கு நடைமுறை கற்பித்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு நடத்தும் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமைத் திட்டத்தில் கேரளத்தின் குட்டநாடு 2013இல் இடம்பெற்றது. கடல்மட்டத்துக்குக் கீழே வரப்புக் கட்டி நெல் விளைத்த மண்ணமைப்புக்கு அந்தச் சிறப்பு கிடைத்ததென்றால், அதே மாநிலத்தின் மலையுச்சிப் படிகளுக்கும் அதே வாதம் பொருந்தும்.

அதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய பணிகளை மாணவர்களே தொடங்கலாம். முதலாவது, படிகளின் வரைபடம்: காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் எடுத்த படங்களைக் கொண்டு, பயன்பாட்டில் உள்ள படி, யூக்காலி மூடிய படி, சரிந்த படி என வகைப்படுத்துதல். இரண்டாவது, ஒவ்வொரு வயல்துண்டுக்கும் மடைக்கும் வாய்க்காலுக்கும் உழவர் வழங்கும் பெயரைத் திரட்டுதல். வயதானவர்களோடு மறையும் ஆவணம் இது. மூன்றாவது, திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை அளந்த வார்டு, கானர் ஆகியோரின் குறிப்புகளையும் பிற்கால நிலவரிப் பதிவேடுகளையும் அவ்வரைபடத்தோடு ஒப்பிடுதல். நான்காவது, புதிய கட்டுமானத்துக்காக அறுபடும் படிகளில், உரிமையாளர் இசைவுடன், அறுத்த முகத்தை வரைந்து மண்மாதிரி எடுத்தல். அந்த முகம் திறந்திருப்பது சில நாட்களே. அதன்பின் அதன்மேல் சிமென்ட் பூசப்படும்.

தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளின் பல்கலைக்கழகங்களுக்கும் எல்லை இவ்விடத்தில் இருப்பதால், இரு பக்கமும் இதனைப் பிறர் பொறுப்பென்று விட்டுவிடும் நிலை உள்ளது. வட்டவடை உழவர் பேசுவது தமிழ். அவர்தம் நிலம் பதிவாகியிருப்பது மலையாளத்தில். இரண்டையும் படிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் மதுரையிலும் கோட்டயத்திலும் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு சரிவையாவது முழுமையாக வரைந்து முடிக்க அவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.